பெயரை மறைத்து எழுதலாமா? இலங்கையின் வடகிழக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூரில் இலங்கையின் வடகிழக்கைப் பற்றி எழுத ஆசைப்படும் பிள்ளைகள் நிறையப் பேர். சிலருடைய கொள்ளுத்தாத்தா ரயில்வே வேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பிரிக்பீல்ட்ஸில் குடியேறியவர். சிலருக்கு அங்கே ஒரு சொந்தமும் கிடையாது, 2009இல் போர் முடிந்த செய்திகளைப் பார்த்து வளர்ந்தவர்கள். நான் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் செய்தியும் எழுதிப் பிழையும் திருத்திக் காலம் தள்ளியவன் என்பதால் என்னிடம் வந்து கேட்கிறார்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் போட்டுவிட்டேன். நான் லாயர் இல்லை. சட்டச் சிக்கல் வந்தால் இந்தப் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், லாயரிடம் போங்கள்.

"பேர் போடாம எழுதுனா கோழைன்னு சொல்றாங்கண்ணே. உண்மையா?"

இல்லை. தமிழில் புனைபெயர் இல்லாத எழுத்தாளரைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம். இந்த நாட்டிலும் அரசாங்க வேலையில் இருந்தவர்கள் மனைவி பெயரிலும் மகள் பெயரிலும் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். கைதாகிவிடுவோம் என்றுதான் பாரதியார் 1908இல் சென்னையை விட்டு, பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போனார். அவரை யாரும் கோழை என்பதில்லை.

ஆனால் அந்தக் கதையின் மறுபாதியை நம் ஆட்கள் சொல்வதே இல்லை. பாரதி எழுதிய 'இந்தியா' வார இதழில் சட்டப்படி ஆசிரியர் என்று பதிவாகியிருந்தவர் சீனிவாசன். வழக்கு வந்தபோது சிறைக்குப் போனது அவர்தான். பெயரை மறைத்து எழுதுவதில் கோழைத்தனம் ஒன்றும் இல்லை. உங்களுக்குப் பதிலாக மாட்டப்போவது யார் என்று யோசிக்காமல் எழுதுவதுதான் எனக்குப் பிடிக்காது. கீழே பல கேள்விகளில் இந்த இடத்துக்குத் திரும்பி வருவோம்.

"புனைபெயர், பேரே போடாம எழுதுறது, ரெண்டும் ஒன்னுதானே?"

எப்படி ஒன்றாகும்? மொட்டைக் கடிதம் இன்றைக்கு வரும், நாளைக்கு அதை யார் எழுதியது என்று கேட்க ஆள் இருக்காது. புனைபெயர் அப்படியில்லை. போன வருடம் இதே பெயரில் நீங்கள் சொன்னது சரியாக இருந்ததா என்று வாசகர் திரும்பிப் பார்க்கலாம். அதனால் ஒரே பெயரை வைத்துக்கொள்ளுங்கள், மாதம் ஒன்றாக மாற்றாதீர்கள்.

மட்டக்களப்பு தர்மரத்தினம் சிவராம் 'தராக்கி' என்ற பெயரில் 1989 முதல் கொழும்பு ஆங்கிலப் பத்திரிகையில் போர் நிலவரம் எழுதினார். ராணுவக் கணக்குகளை அவர் போட்டுப் பார்த்த விதத்தாலேயே அந்தப் பெயருக்கு மதிப்பு வந்தது, ஆள் யார் என்பது பிறகுதான் பரவியது. 2005 ஏப்ரல் 28ஆம் தேதி அவரைக் கொழும்பில் கடத்திக் கொன்றார்கள். அந்தக் கொலைக்கு யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. புனைபெயர் மதிப்பைச் சேர்த்துத் தரும். என்றைக்கும் கவசமாக இருக்கும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

"நான் இருக்குறது கேஎல்-ல. யாருக்குப் பயந்து மறைக்கணும்?"

இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்க வேண்டும், பாதிப் பேர் கேட்பதே இல்லை. யாரிடமிருந்து மறைக்கிறோம் என்று தெரியாமல் முகமூடி போட்டால் தப்பான பக்கத்தை மறைத்துக்கொண்டு நிற்போம். முதலாளிக்குத் தெரியக்கூடாது என்றால் ஒரு விதம், கோயில் கமிட்டிக்காரர்கள் வாயில் விழக்கூடாது என்றால் இன்னொரு விதம், அரசாங்கத்துக்குத் தெரியக்கூடாது என்றால் அது முற்றிலும் வேறு விவகாரம். முதல் இரண்டுக்கும் புனைபெயரும் கொஞ்சம் வாய்க்கட்டுப்பாடும் போதும். மூன்றாவதுக்குப் போதாது.

அப்புறம், இலங்கையில் இருக்கிற உங்கள் சொந்தக்காரர்கள். உங்கள் பெயரையும் உங்கள் பெரியம்மா குடும்பப் பெயரையும் சேர்த்துப் பார்க்க யாராலும் முடியும். இலங்கையில் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம் இருக்கிறது. ஜே. எஸ். திசைநாயகம் என்ற பத்திரிகையாளர், எழுதிய கட்டுரைகளுக்காகவும் இதழுக்குப் பணம் திரட்டியதற்காகவும் அந்தச் சட்டத்தில் 2009 ஆகஸ்டில் 20 ஆண்டு கடுங்காவல் பெற்றார். உலகம் முழுக்கக் கண்டனம் எழுந்து, அடுத்த ஆண்டு மன்னிப்பு கிடைத்தது. உங்கள் மாமாவுக்காக உலகம் கண்டனம் எழுப்புமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"மலேசியச் சட்டம் என்ன சொல்லுது? புனைபெயர்ல எழுதுனா தப்பிக்கலாம்தானே?"

சாட்சியச் சட்டம் 1950இல் 114ஏ என்று ஒரு பிரிவு 2012 ஜூலை இறுதியில் அமலுக்கு வந்தது. ஒரு வெளியீட்டில் உரிமையாளர், ஆசிரியர், நிர்வாகி என்று யாருடைய பெயரோ படமோ புனைபெயரோ இருக்கிறதோ, அவரே வெளியிட்டவர் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். ஆமாம், புனைபெயர் என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. இணைய இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கும் இதே கதி. இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பாரம் அவர் தலையில். வீட்டு இணைப்பு அப்பா பெயரில் இருந்தால் மேலே சொன்ன சீனிவாசன் இப்போது உங்கள் அப்பா. இந்தப் பிரிவைக் காட்டித்தான் 2021இல் கூட்டரசு நீதிமன்றம், வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக 'மலேசியாகினி' செய்தித் தளத்துக்கு 500,000 ரிங்கிட் அபராதம் போட்டது.

தொடர்பு, பல்லூடகச் சட்டம் 1998இன் 233ஆவது பிரிவு அடுத்தது. பொய்யானது, மிரட்டலானது, மிகவும் புண்படுத்துவது என்று கருதப்படும் செய்தியை, ஒருவரைத் தொல்லைப்படுத்தும் நோக்கத்தோடு அனுப்பினால் குற்றம். அடையாளத்தைக் காட்டினாலும் காட்டாவிட்டாலும் குற்றம்தான் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. 2025 பிப்ரவரியிலிருந்து அபராத உச்சவரம்பு 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ஆகவும், சிறை 1 ஆண்டிலிருந்து 2 ஆண்டாகவும் ஏறிவிட்டது. 1948ஆம் ஆண்டுத் தேச நிந்தனைச் சட்டமும் இன்னும் இருக்கிறது.

நம் விஷயத்துக்கு மிக நெருக்கமானது சொஸ்மா, அதாவது பாதுகாப்புக் குற்றங்களுக்கான சிறப்பு நடவடிக்கைச் சட்டம். விடுதலைப் புலிகள் அமைப்பு 2014இலிருந்து மலேசியாவின் பயங்கரவாத அமைப்புகள் பட்டியலில் இருக்கிறது. அந்த அமைப்போடு தொடர்பு என்று 2019 அக்டோபரில் இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள் உட்பட 12 பேரை சொஸ்மாவில் பிடித்தார்கள். குற்றச்சாட்டுகளில் பல, கைப்பேசியிலும் சமூக ஊடகத்திலும் இருந்த படங்களைப் பற்றியவை. 2020 பிப்ரவரியில் அப்போதைய சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் வழக்கையே கைவிட்டார். கடைசியில் விட்டுவிட்டார்களே என்கிறீர்களா? இடையில் போன மாதங்களை யாரும் திருப்பித் தரவில்லை. அங்கே நடந்ததை எழுதுவது வேறு, தடை செய்யப்பட்ட அமைப்பின் கொடியையும் படத்தையும் அலங்காரத்துக்குப் போடுவது வேறு. இரண்டாவது உங்கள் எழுத்துக்கு ஒரு பைசா மதிப்பும் சேர்க்காது.

"விபிஎன் போட்டுட்டேன். போதும்லா?"

போதாது. விபிஎன் உங்கள் இணைய முகவரியைத்தான் மறைக்கும். மலேசியாவில் ப்ரீபெய்ட் சிம் கார்டுகூட 2006இலிருந்து ஐசி (அடையாள அட்டை) காட்டித்தான் வாங்க முடியும். புனைபெயருக்கென்று ஒரு மின்னஞ்சல் திறந்துவிட்டு, கடவுச்சொல் மறந்தால் உதவும் என்று சொந்தக் கைப்பேசி எண்ணைக் கொடுத்தால் விபிஎன் வேடிக்கைதான் பார்க்கும். கைப்பேசியில் இருக்கும் தொடர்பு எண்களைச் சமூக ஊடகச் செயலிக்குத் திறந்து விட்டாலும் அப்படித்தான். "உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்" என்று உங்கள் புனைபெயரை உங்கள் மைத்துனருக்கே காட்டிக் கொடுக்கும்.

படங்களில் கவனம். கைப்பேசிப் படத்துக்குள் எடுத்த நேரமும் இடமும் எழுதப்பட்டிருக்கும். 2012இல் ஜான் மெக்கஃபி என்ற மென்பொருள் கோடீஸ்வரர் தலைமறைவாக இருந்தபோது, அவரைச் சந்தித்த ஒரு இதழ் வெற்றிக் களிப்பில் ஒரு படத்தை வெளியிட்டது. படத்துக்குள் இருந்த ஜிபிஎஸ் எண்கள் அவர் குவாத்தமாலாவில் இருப்பதைச் சொல்லிவிட்டன. வெளியிடுவதற்கு முன் அந்தத் தகவலை நீக்குங்கள், ஆனால் மூலப்படத்தை மாற்றாமல் தனியாக வையுங்கள். ஏன் என்று காணொலிக் கேள்வியில் சொல்கிறேன்.

இவ்வளவும் செய்துவிட்டு, கிள்ளானில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து "அந்தக் கட்டுரை நம்ம பிள்ளை எழுதினதுதான்" என்று சித்தப்பா பெருமையாகச் சொன்னால் எல்லாம் போச்சு. நான் பார்த்த வரையில் ரகசியம் உடைந்ததெல்லாம் இந்த மாதிரிப் பந்தியில்தான்.

"என் தமிழே என்னைக் காட்டிக் கொடுக்குமா?"

கொடுக்கும். அமெரிக்காவில் யூனாபாம்பர் என்று அழைக்கப்பட்ட குண்டுவெடிப்பாளரின் நீண்ட அறிக்கை 1995இல் பத்திரிகையில் வந்தது. அதிலிருந்த வாதங்களையும் சொற்றொடர்களையும் படித்து இது நம் அண்ணன் எழுத்து என்று அடையாளம் கண்டது அவருடைய சொந்தத் தம்பி. போலீஸ் பல ஆண்டு தேடியும் சிக்காத ஆள்.

நம் ஊர்த் தமிழுக்கு முத்திரை அதிகம். லோரி, பசார் மாலாம், கம்பம் என்று எழுதினால் நீங்கள் எந்த நாடு என்று உடனே தெரிந்துவிடும். அது தெரிந்தால் பரவாயில்லை, சொல்லப்போனால் நல்லது. ஆபத்து எங்கே என்றால், உங்களிடம் மட்டும் இருக்கும் பழக்கங்களில். எப்போதும் ஒரே பழமொழி, ஒரே மாதிரி தொடங்கும் பத்தி, மூன்று ஆச்சரியக்குறி. அவற்றை நண்பர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். யாழ்ப்பாணத்துக்காரர் மாதிரி நடித்து எழுதுகிறவர்களும் உண்டு. பெடியன், வடிவு, கதைக்கிறது என்று நாலு சொல்லைத் தூவிவிட்டால் ஆயிற்றா? அவர்கள் இவன், உவன், அவன் என்று மூன்றையும் இடமறிந்து சொல்வார்கள். நம் ஆள் இரண்டாம் பத்தியிலேயே 'உவனை'த் தப்பான இடத்தில் வைத்துவிட்டு நிற்பார்.

"ஏஐ-கிட்ட கொடுத்து நடையை மாத்திக்கலாமா?"

உங்கள் பழக்கங்கள் கொஞ்சம் மறையும். ஆனால் வெளியிடாத கட்டுரையை, சில சமயம் தகவல் தந்தவரின் ஊர் பெயரோடு, ஒரு நிறுவனத்தின் கணினிக்கு அனுப்புகிறீர்கள். மொழுமொழுவென்று வந்து விழும் நடையை வாசகர் நம்பவும் மாட்டார். ஒரு நாள் ஆறப்போட்டு நீங்களே திருத்துங்கள்.

"யாருன்னே தெரியாத ஆள் சொல்றத எதுக்கு நம்பணும்? நானே நம்ப மாட்டேன்."

நம்பக் கூடாது. பெயரைக் கேட்டு நம்புவதும் சரியில்லை, பெயர் இல்லை என்பதற்காக ஒதுக்குவதும் சரியில்லை. இந்த ஆளுக்கு இது எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். எழுதுகிறவர் மறைக்கலாம் என்றால் பெயரை மறைக்கட்டும், இந்தக் கேள்விக்கான பதிலை மறைக்கக் கூடாது. நான் இத்தனை காலம் இந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எலியட் ஹிக்கின்ஸ் 2012இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் வீட்டில் உட்கார்ந்து 'பிரவுன் மோசஸ்' என்ற பெயரில் சிரியப் போரைப் பற்றி எழுதினார். அரபு தெரியாது, சிரியாவில் கால் வைத்ததும் இல்லை. அங்கிருந்து வந்த காணொலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, எந்த ஆயுதம் யார் கையில் இருக்கிறது என்று அடையாளம் கண்டார். எந்தக் காணொலியைப் பார்த்துச் சொல்கிறார் என்பதையும் கூடவே காட்டினார். சந்தேகப்பட்டவர்கள் அதே காணொலியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். முன்னாள் யூகோஸ்லாவிய ஆயுதங்கள் தெற்கு சிரியாவில் தென்படுவதை அவர் சொன்னபிறகுதான் பெரிய பத்திரிகைகள் தோண்ட ஆரம்பித்தன.

நமக்கும் அதே வழிதான். "வடக்கில் மக்கள் கொதித்துப் போயிருக்கிறார்கள்" என்று கோலாலம்பூரில் உட்கார்ந்து எழுதாதீர்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: "காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் கிளிநொச்சிக் கந்தசாமி கோயில் முன்னால் 2017 பிப்ரவரி 20ஆம் தேதி போராட்டம் தொடங்கினார்கள். நான் அங்கே போனதில்லை. அங்கே உட்கார்ந்திருந்த ஒரு தாயோடு தொலைபேசியில் பேசினேன். அவர் சொன்னதில் தேதிகளை இரண்டு பத்திரிகைச் செய்திகளோடு ஒப்பிட்டேன். மற்றதை ஒப்பிட முடியவில்லை." படிக்க அவ்வளவு ஆவேசமாக இருக்காது. ஆனால் எதிர்த்தரப்பில் இருப்பவர்கூட எந்த வரியைத் தாக்குவது என்று தேட வேண்டியிருக்கும்.

"அங்க இருக்குற ஒரு பொண்ணு எழுதுற மாதிரி எழுதலாமா? நடக்குறது எல்லாம் உண்மைதானே, ஆள் மட்டும்தான் கற்பனை."

வேண்டாம். கதை என்று போட்டு எழுதுங்கள், தடையே இல்லை. உண்மை என்று போட்டுவிட்டுப் பாத்திரம் படைக்காதீர்கள்.

2011இல் அமீனா அராஃப் என்ற பெயரில் டமாஸ்கஸ் பெண் ஒருவர் எழுதுவதாக உலகமே நம்பியது. ஜூனில் அவரை ஆயுதக்காரர்கள் கடத்திவிட்டார்கள் என்று செய்தி வந்ததும், விடுதலை செய் என்று பலர் குரல் கொடுத்தார்கள். சிலர் தேடக் கிளம்பினார்கள். ஒரு வாரத்துக்குள் குட்டு வெளிப்பட்டது. எழுதியவர் எடின்பரோவில் படித்துக்கொண்டிருந்த டாம் மக்மாஸ்டர் என்ற அமெரிக்க ஆண். அமீனாவின் படம் என்று காட்டியது லண்டனில் வசித்த ஏதோ ஒரு பெண்ணின் படம், அவருக்கே தெரியாமல். மக்மாஸ்டரின் நோக்கம் நல்லது என்று வாதாடினார்கள். இருக்கட்டும். ஆனால் அதற்குப் பிறகு சிரியாவிலிருந்து உண்மையாகவே பெயரை மறைத்து எழுதிய ஒவ்வொருவரும் "நீயும் அமீனாவா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டாவது கேள்வியில் சொன்ன வித்தியாசத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புனைபெயர் பெயரை மட்டும்தான் மாற்ற வேண்டும். ஆணா பெண்ணா, எந்த ஊர், நேரில் பார்த்தவரா என்பதை வேண்டுமானால் சொல்லாமல் விடுங்கள், மாற்றிச் சொல்லாதீர்கள்.

"எத்தனை பேர் செத்தாங்கன்னு போடுறது? எந்த நம்பரைப் போட்டாலும் ஒரு பக்கம் திட்டுது."

எண்ணை மட்டும் போட்டால் இரண்டு பக்கமும் திட்டும். யார் சொன்னது, எப்படிக் கணக்கிட்டது என்பதோடு சேர்த்துப் போடுங்கள்.

ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011இல் தந்த அறிக்கை, கடைசிக்கட்டப் போரில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்று நம்பகமான பலர் மதிப்பிடுவதாகச் சொல்கிறது. கவனியுங்கள், 40,000 பேர் இறந்தார்கள் என்று அந்தக் குழு எண்ணிச் சொல்லவில்லை. மன்னார் ஆயராக இருந்த ராயப்பு ஜோசப் அதே ஆண்டு இலங்கை அரசின் ஆணைக்குழு முன் வைத்த எண் 146,679. இது எங்கிருந்து வந்தது? 2008 அக்டோபரில் வன்னியில் இருந்ததாக அரசாங்கக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) பதிவு சொன்ன மக்கள்தொகை 429,059. போர் முடியும்போது அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380. கழித்தால் 146,679. ஆயர் கேட்டது, இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று. இத்தனை பேர் கொல்லப்பட்டார்கள் என்று எழுதினால் ஆயர் சொல்லாததை அவர் வாயில் போடுகிறீர்கள். அது அவருடைய கேள்வியைப் பலவீனமாக்கும், ஏனென்றால் பதில் சொல்ல வேண்டியவர்கள் "மிகைப்படுத்துகிறார்கள்" என்று தப்பித்துக்கொள்வார்கள். கழித்தல் கணக்கை அப்படியே போட்டால் தப்பிக்க வழியில்லை, இரண்டு எண்ணுமே பதிவேட்டில் இருப்பவை.

இங்கே உங்கள் பெயர் என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்பதையும் பாருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கழித்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

"வாட்ஸ்அப்ல வந்த வீடியோவ போடலாமா? பாத்தாலே தெரியுது உண்மைன்னு."

பார்த்தாலே எதுவும் தெரியாது. முதலில் படத்தேடலில் போட்டு, இது வேறு நாட்டிலோ வேறு ஆண்டிலோ வந்ததா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில், ஐந்தாவது கேள்வியில் சொன்ன நேரமும் இடமும் ஏற்கெனவே உதிர்ந்துபோயிருக்கும். அதனால் யார் எடுத்தாரோ அவரிடமிருந்து மூலக்கோப்பை வாங்கப் பாருங்கள். கிடைத்தால் அதைத் தொடாமல் வையுங்கள்.

2009 ஆகஸ்டில் பிரிட்டனின் 'சேனல் 4' ஒளிபரப்பிய, கைதிகளைச் சுட்டுக்கொல்லும் காட்சியைப் போலி என்றது இலங்கை அரசு. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் அதைத் தடயவியல், காணொலி, துப்பாக்கி என்று மூன்று துறை நிபுணர்களிடம் கொடுத்தார். உண்மையானது என்றே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் அறிவித்தார். எடுத்தவர் யார் என்பது தெரியாமலே காட்சி அந்தச் சோதனையில் நின்றது.

"தகவல் சொன்னவரே 'என் பேரப் போடு தம்பி, எனக்கு பயமில்ல'ன்றாரு. போடவா?"

அவருக்குப் பயமில்லாமல் இருக்கலாம், உங்களுக்கு இருக்க வேண்டும். மலேசியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டை கையில் இருந்தாலும் இங்கே முழுப் பாதுகாப்பு கிடையாது. 2014 மே மாதம் மூன்று இலங்கைத் தமிழர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அவர்களில் இருவர் அகதி என்று அந்த ஆணையமே ஏற்றவர்கள்.

பெயரை எடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைப்பவர்களுக்காக ஒரு உதாரணம் கட்டியிருக்கிறேன்: "செந்தூலில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக்கடையில் பாத்திரம் கழுவும், முல்லைத்தீவுக்காரரான, இடது கையில் இரண்டு விரல் இல்லாத 43 வயதுக்காரர்." பெயர் எங்கேயும் இல்லை. ஆனால் செந்தூலில் அப்படி எத்தனை பேர் இருப்பார்கள்? மதியம் சாப்பிட வருகிறவருக்கே தெரிந்துவிடும். "கோலாலம்பூரில் வேலை செய்யும், வன்னியிலிருந்து வந்த ஒருவர்" போதும். விரல் போன கதை அவசியம் என்றால் வேலையையும் இடத்தையும் விடுங்கள். வேலை அவசியம் என்றால் விரலை விடுங்கள். எதையும் மாற்றி எழுதாதீர்கள், வலது கை என்று போடாதீர்கள், அமீனாவை நினைத்துக்கொள்ளுங்கள். "அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை விட்டிருக்கிறேன்" என்று ஒரு வரி போட்டால் வாசகர் புரிந்துகொள்வார்.

சுற்றுலா விசாவில் யாழ்ப்பாணம் போய்ப் பேட்டி எடுக்கிறேன் என்று கிளம்புகிறவர்களுக்கும் இதே பதில். நீங்கள் அடுத்த வாரம் விமானம் ஏறிவிடுவீர்கள். உங்களோடு வாசலில் நின்று பேசியவர் அங்கேதான் இருப்பார், பேசியதை அக்கம்பக்கம் பார்த்திருக்கும்.

"நம்ம பக்கத்துத் தப்பையும் எழுதணுமா? எழுதுனா துரோகின்னுடுவாங்க."

சொல்வார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்த ராஜினி திரணகம, மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். இந்திய அமைதிப்படை, இலங்கை ராணுவம், புலிகள், மற்ற இயக்கங்கள் எல்லாரும் செய்ததையும் அவர்கள் எழுதினார்கள். 1989 செப்டம்பர் 21ஆம் தேதி வீட்டுக்குப் போகும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். செய்தது புலிகள் என்று அவருடைய சகாக்கள் எழுதினார்கள். அந்த அமைப்பின் அறிக்கைகளைப் படித்துப் பாருங்கள். எழுதியவர்கள் யார் என்று ஊருக்கே தெரியும், சாட்சி சொன்னவர்களின் பெயர்தான் இருக்காது. நம் பிள்ளைகள் பல பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தன் பெயரை மறைத்துக்கொண்டு சாட்சியின் படத்தைப் போடுகிறார்கள்.

நம்பகத்தன்மைக் கணக்கில் பார்த்தாலும் லாபம்தான். ஒரு பக்கத்துக் குற்றத்தை மட்டும் பட்டியல் போடுகிற புனைபெயரை, அந்தப் பக்கத்துக்கு எதிரானவர்கள் மட்டும்தான் படிப்பார்கள். அவர்களுக்குப் புதிதாகத் தெரிய வேண்டியது ஒன்றும் இல்லை.

"தப்பா எழுதிட்டா என்ன? புனைபெயர்தானே, அழிச்சிட்டு வேற பேர்ல வந்துடலாம்."

வரலாம். இரண்டாவது கேள்விக்கு நான் எழுதிய பதில் முழுவதும் வீணாகிவிடும், அவ்வளவுதான். தப்பான வரியைத் திருத்தி, என்ன மாற்றினோம், எந்தத் தேதியில் என்று அதற்குக் கீழேயே போடுங்கள்.

"உன் பேர வெளியில விடுறேன்னு ஒருத்தன் மிரட்டுறான். நானே முந்திக்கிட்டுச் சொல்லிடலாமா?"

அவசரப்படாதீர்கள். மூன்றாவது கேள்விக்குப் போய், யாரிடமிருந்து மறைத்தீர்கள் என்று பாருங்கள். முதலாளியிடமிருந்து மட்டும் என்றால், மிரட்டுகிறவனுக்குப் பயப்படுவதைவிட முதலாளியிடம் நேரில் சொல்லிவிடுவது மேல். அங்கே உறவினர் இருந்தால், உங்களை நம்பிப் பேசியவர்கள் இருந்தால், அவர்களிடம் முதலில் சொல்லுங்கள். மிரட்டல் செய்திகளை அழிக்காமல் படம் பிடித்து வையுங்கள். மிரட்டலும் 233ஆவது பிரிவுக்குள் வரும், அது அவனுக்கும் பொருந்தும்.

தானாக வெளியே வந்தவர்களில் ஓமர் முகமதின் கதையைச் சொல்வேன். மோசூல் நகரத்து வரலாற்று ஆசிரியர். 2014இல் ஐஎஸ் அமைப்பு நகரத்தைப் பிடித்தபோது 'மோசூல் ஐ' என்ற பெயரில் அன்றாடம் நடந்ததை எழுத ஆரம்பித்தார். 2015இல் தப்பித்து வெளிநாடு போன பிறகும் பெயரைச் சொல்லவில்லை. 2017இல் நகரம் மீட்கப்பட்டு, அந்த டிசம்பரில்தான் சொன்னார். எப்போது வெளியே வருவது என்பதை அவரே முடிவு செய்தார், மிரட்டியவர்கள் அவருக்கு நாள் குறிக்கவில்லை. ஒருமுறை வெளியே வந்தால் திரும்ப உள்ளே போக முடியாது, அதுவரை அந்தப் பெயரில் எழுதிய ஒவ்வொரு வரியும் உங்கள் சொந்தப் பெயரில் எழுதியதாகிவிடும். பழையதை எல்லாம் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

"நாங்க மூணு பேர் சேர்ந்து ஒரே புனைபெயர்ல எழுதலாமா? ஒருத்தன் மாட்டுனாலும் மத்தவங்க எழுதலாம்ல?"

எழுதலாம், ஆனால் பலர் சேர்ந்து எழுதுகிறோம் என்று வாசகரிடம் சொல்லிவிடுங்கள். "நான் பார்த்தேன்" என்று மூன்று பேரும் எழுதினால் அந்த "நான்" ஒரே நாளில் பினாங்கிலும் வவுனியாவிலும் நிற்கும், யாராவது பிடித்துவிடுவார்கள். "எங்களில் ஒருவர்" என்று எழுதுங்கள்.

மாட்டினால் என்பதைப் பொறுத்தவரை 114ஏ-யைத் திரும்பப் படியுங்கள். கணக்கு யார் பெயரில், இணைப்பு யார் வீட்டில் என்று முதல் நாளே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த வீட்டில் அப்பா அம்மா இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேறு வீடு பாருங்கள்.